அறுக்கக் கூடாத பாசி

விக்கிரமங்கலம் கண்ணையன் வீட்டார் எங்கள் அண்ணி ஆண்டாயிக்கு முப்பது ரூபாய் கடன்பட்டிருந்தார்கள். மாற்றி எழுதிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம், சரியாகத்தான் எழுதியிருக்கிறேன். அவர்கள் நிலம் வைத்திருந்தவர்கள், நாங்கள் நாற்று நட்டுக் கூலி வாங்கினவர்கள். எங்கள் தெருவில் அவர்களைப் போன்றவர்களிடம் கடன்படாத குடும்பம் கிடையாது. அவர்களையே கடன்பட வைத்தது எங்கள் குடும்பம் ஒன்றுதான்.

என் பெயர் அய்யம்பெருமாள். அரியலூரில் பாசிமணி, ரிப்பன், வளையல் என்று யாரைக் கேட்டாலும் என் கடையைத்தான் கை காட்டுவார்கள். இரண்டு மாடி, சொந்தக் கட்டடம். படித்தது மூன்றாம் வகுப்பு, அதுவும் முழுசாக இல்லை. என் கதையை எழுத ஆரம்பித்தால் இந்தத் தாள் பத்தாது. அதனால் அதை விட்டுவிட்டு அண்ணியின் கதையைச் சொல்கிறேன்.

எங்களுக்கு ஊர் தா.பழூர். அம்மா செத்தபோது நாங்கள் ஆறு பேர், ஆறும் ஆண். மூத்தவர் அரியமுத்து அண்ணன். அவரை விட்டால் ஐந்து பேர், அதில் நான் கடைக்குட்டி, நடக்கப் பழகி ஒரு வருசம் ஆகியிருக்கும். சோறாக்க ஆளில்லை என்பதற்காகவே அண்ணனுக்கு அவசரமாகக் கல்யாணம் பண்ணினார்கள். அப்படி வந்தவர் ஆண்டாயி அண்ணி. வந்தபோது அவரே சின்னப் பெண். தாலி ஏறின மறுநாள் என்னை இடுப்பில் தூக்கினவர், நான் சைக்கிள் பழகும்வரை இறக்கவில்லை என்று அண்ணன் கேலி பண்ணுவார்.

அண்ணிக்குப் பிள்ளை பிறக்கவில்லை. கோயில், வைத்தியம் எல்லாம் பார்த்தாகிவிட்டது. இன்னொன்று கட்டிக்கொள் என்று சொந்தக்காரர்கள் அண்ணனை அரித்தெடுத்தார்கள். அண்ணன் அதிகம் பேசாத மனுசன். "இருக்கற அஞ்சுக்கே வூட்டுல சோறு பத்தல, இன்னும் எதுக்கு?" என்று சொல்லிவிட்டு மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். அண்ணி அடுப்படியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பார். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் அழுகையும் இருந்தது என்பது எனக்குக் கல்யாணம் ஆன பிறகுதான் புரிந்தது.

எனக்கு மீசை கறுத்ததும், வரப்பு வேலை எனக்கு ஒத்து வராது என்று முடிவெடுத்தேன். பிறர் நிலத்தில் குனிகிற முதுகு எனக்கு வாய்க்கவில்லை. பழைய சைக்கிள் ஒன்றைப் பிடித்தேன், பின்னால் கண்ணாடி மூடி போட்ட பெட்டியைக் கட்டினேன், ஊக்கு, சீப்பு, பொட்டு, ரிப்பன் என்று ஊர் ஊராகப் போனேன். என் குரல் அப்போது வெண்கலம். தெருமுனையில் கூவினால் கடைசி வீட்டில் குழந்தை விழித்துக்கொள்ளும்.

திருச்சிக்குச் சரக்கெடுக்கப் போனபோது ஒரு பாசி வளையலைப் பார்த்தேன். பூப்பூவாகக் கோத்தது. விலை கட்டுப்படியாகவில்லை. ஆனால் உதிரிப் பாசி மலிவு. ஒரே ஒரு வளையலும் இரண்டு பொட்டலம் பாசியும் வாங்கி வந்து அண்ணி முன்னால் வைத்தேன்.

"இது மாதிரி கோக்க முடியுமா அண்ணி?"

"கதிர் அறுக்கற கைடா இது."

"அப்ப முடியாதுங்கறீங்க."

"முடியாதுன்னு எவன் சொன்னான்?" என்று வளையலைப் பிடுங்கிக்கொண்டார்.

அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. அந்த வளையலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தார். ஒரு பாசி கழன்றதும் நிறுத்தி, நூல் எந்தப் பக்கமிருந்து வந்தது என்று பார்ப்பார். கடைசிப் பாசி உதிர்ந்தபோது முழுசும் அவருக்குத் தெரிந்துபோனது. ஆறு வெள்ளைப் பாசியைக் கோத்து, முதல் பாசிக்குள் ஊசியைத் திரும்பவும் விட்டு இழுத்தால் வட்டமாகும். நடுவில் ஒரு மஞ்சளை வைத்து, எதிர்ப்பக்கத்துப் பாசிக்குள் ஊசியை நுழைத்து இழுத்தால் பூ. பிறகு இரண்டு பச்சை, அது இலை. பிறகு அடுத்த பூ. நூலை முதலில் மெழுகுவத்தியில் உரசிக்கொள்வார், பிரி விடாது. பாசியை ஒவ்வொன்றாகப் பொறுக்க மாட்டார். கொட்டாங்குச்சியில் கொட்டி, ஊசி முனையால் லேசாகக் கிண்டுவார். பாசி தானே ஊசியில் ஏறிக்கொள்ளும். நானும் முயற்சி பண்ணினேன். எனக்கு ஏறவில்லை. எனக்குக் கைவராத வேலை உலகத்தில் அது ஒன்றுதான்.

முதல் தடவை கோத்ததெல்லாம் திரும்பி வந்தது. நெருக்கமாக இருந்தால்தான் அழகு என்று அண்ணி இறுக்கிக் கோத்திருந்தார். குளிக்கும்போது நனைந்த நூல் சுருங்கி, வளையல் விறைத்துக் கையைப் பிடித்தது. அதற்கப்புறம் ஒவ்வொரு வளையலிலும் ஒரு பாசி அளவுக்கு நூல் தளர விட்டார். அதிலிருந்து என் பெட்டியில் முதலில் தீர்ந்துபோவது அண்ணியின் பாசிதான்.

வாங்குகிறவர்கள் சாதி கேட்பதில்லை. பெட்டிக்குள் வந்துவிட்டால் அது கடைச் சரக்கு. ஆனால் பாசி, வளையல் இதெல்லாம் மங்கலப் பொருள் இல்லையா, அதனால் வேறொன்றைக் கேட்பார்கள். எழுபத்தெட்டில் கண்ணையன் வீட்டு அம்மாள் பூங்காவனமும் அதைத்தான் கேட்டார். அவர் மருமகள் ஜானகிக்கு வளைகாப்பு வைத்திருந்தார்கள். ஜானகி கீழப்பழுவூர்ப் பெண், பத்தாவது வரை படித்தவள். கண்ணாடி வளையலோடு பூப்பாசியும் வேண்டும் என்று மாமியாரிடம் ஆசைப்பட்டுக் கேட்டிருக்கிறாள். வருகிற பெண்களுக்கும் சேர்த்து நாற்பது வளையல், ஒன்றுக்கு முக்கால் ரூபாய் என்று பேசினோம்.

"கோக்கறது யாருடா?" என்றார் பூங்காவனத்தம்மாள்.

"எங்க அண்ணிங்க. ஆண்டாயின்னு பேரு."

"புள்ளைங்க?"

"அஞ்சுங்க."

"அஞ்சும் நல்லாருக்கா?"

"கல்லாட்டம் இருக்குதுங்கம்மா. கடைசிப் பயலு ஒருத்தன் இருக்கான் பாருங்க, ராசா மாதிரி."

இன்றைக்கு யாராவது கேட்டாலும் இதே பதில்தான் சொல்வேன். எங்கள் ஐந்து பேருக்கும் பேன் பார்த்ததும், அம்மை போட்டபோது வேப்பிலை விரித்துப் பக்கத்தில் கிடந்ததும் யார்? வந்து பார்த்துக்கொள்ளட்டும்.

அது நடவுக் காலம். காலையில் சேற்றில் நின்றுவிட்டு, மத்தியானம் கைகழுவி உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை அண்ணி கோப்பார். முப்பத்தொன்பது வளையலுக்கு ஒரு முனையில் பெரிய பாசி, மறுமுனையில் வளையம், மாட்டிக்கொள்ளலாம். ஜானகியின் வளையலுக்கு மட்டும் மாட்டுகிற இடமே வைக்கவில்லை.

"வளைகாப்புப் பொண்ணு கையிலேருந்து கழண்டு விழுந்தா மனசுக்கு ஒரு மாதிரி இருக்கும். கையிலேயே வச்சு முடிச்சுப் போடச் சொல்லு தம்பி. ரெண்டு முடிச்சு போதும்" என்று, மிச்ச நூலை நீளமாக விட்டுக் கொடுத்தார்.

வளைகாப்பன்று நான் அந்த வீட்டுக் கொல்லையில், சாப்பாட்டுக்கும் காசுக்கும் காத்திருந்தேன். இலையில் புளிச்சோறும் தயிர்ச்சோறும் வந்தது. உள்ளே ஒரே வளையல் சத்தம். பூங்காவனத்தம்மாளே மருமகள் கையில் பாசியைச் சுற்றி முடிச்சுப் போட்டிருக்கிறார். ஆசையில் இரண்டு முடிச்சோடு நிறுத்தவில்லை, மாட்டுக் கயிற்றை முளையில் கட்டுவதுபோல ஒன்றுமேல் ஒன்றாகப் போட்டுவிட்டார்.

அப்போதுதான் கலியம்மாள் என்கிற அம்மாள் பேசினது என் காதில் விழுந்தது. அவர் தா.பழூரில் வாழ்க்கைப்பட்டவர், அண்ணி நாற்று நடுவது அவர் வயலில்தான்.

"யாரு கோத்ததாம் இது?"

"ஆண்டாயின்னு உங்க ஊருக்காரிதான். அஞ்சு புள்ளக்காரியாம்" என்றார் பூங்காவனத்தம்மாள்.

"ஆண்டாயியா? நல்லா ஏமாந்தீங்க போங்க! கல்யாணமாயி இருவது வருசமாச்சு, அவ வயித்துல ஒரு புழு பூச்சி உண்டா?"

வளையல் சத்தம் நின்றுபோனது. பிறகு சலசலவென்று பாசி கழற்றுகிற சத்தம். ஒரு முறத்தில் அத்தனையும் வந்து என் இலைக்குப் பக்கத்தில் விழுந்தது.

"எடுத்துக்கிட்டுப் போடா. அஞ்சு புள்ளையா? அஞ்சு?"

"காசும்மா?" என்றேன். நான் காசை விடுகிற ஆள் இல்லை.

"காசு வேற வேணுமா உனக்கு! இந்த வயித்துக்கு ஒண்ணு ஆச்சுன்னா உன் அண்ணி கையாலதான் ஆச்சுன்னு ஊரே சொல்லும், போ!"

ஜானகி கையில் இருந்ததை என்ன செய்வது? முடிச்சு அவிழவில்லை. யாரோ கத்தரிக்கோல் எடுத்து வந்தார்கள். உள்ளேயிருந்து ஒரு கிழவி அலறினாள்: "வளைகாப்புக் கையில கத்தரி வைக்கப் போறீங்களா? புத்தி கெட்டவளுங்களா!" அது சரிதான். வளைகாப்பு வளையலைப் பிள்ளை பிறக்கும்வரை உடைக்கவும் கூடாது, அறுக்கவும் கூடாது. மலடி கோத்தது என்று வைத்துக்கொள்ளவும் பயம், அறுக்கவும் பயம். பூங்காவனத்தம்மாள் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாராம். ஜானகி மட்டும் மெதுவாகச் சொன்னது கேட்டது: "இருக்கட்டும் அத்தை. பூ நல்லாத்தானே இருக்கு."

வீட்டுக்கு வந்து அண்ணியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். கையில் போட்டுக் கழற்றி வீசின பாசியை இனி யார் வாங்குவார்கள், முப்பது ரூபாயும் போச்சே என்று நான் குதித்த குதியில் கூரை பிய்ந்திருக்கும். அண்ணி காதில் அது ஏறவே இல்லை.

"அந்தப் பொண்ணு கையில இன்னும் இருக்கா?"

"இருக்கு."

"கை எப்படி இருந்துச்சு? ஒல்லியா, பூசினாப்பலயா?"

"நான் எங்க அண்ணி பாத்தேன்? கொல்லையில எச்சில் இலையோட உக்காந்திருந்தேன்."

"மாசம் ஏற ஏறக் கை கால் வீங்கும்டா. அளவாத்தானே வச்சேன். எத்தனை முடிச்சு போட்டாங்களோ, நான் விட்ட தளர்வெல்லாம் அதுலயே போயிருக்கும். தெனம் குளிக்கறப்ப நனையும், இறுக்கும். இறுக்கி இறுக்கி ஒரு நாள் அறுந்துச்சுன்னா?"

அதற்கு மேல் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டாம். நூல் தானாக அறுந்தாலே அபசகுனம் என்பார்கள். பிறகு பிரசவத்தில் ஒரு சின்னக் கோளாறு என்றாலும் ஆண்டாயி கைதான் காரணம். இருபது வருசமாகப் பிள்ளையில்லாதவள் என்று மட்டும் சொன்ன வாய், இனிமேல் பிள்ளையைத் தின்றவள் என்று சொல்லும். அப்புறம் எந்தக் குழந்தையை அண்ணி கையில் கொடுப்பார்கள்? நாங்கள் ஐந்து பேரும் வளர்ந்துவிட்டோம், எங்கள் அண்ணன்மார் பிள்ளைகளைத்தான் அவர் தூக்கிக்கொண்டு திரிந்தார். அவர்கள்கூடத் தயங்க ஆரம்பித்துவிட்டால்?

அண்ணி சாப்பிடும்போதும் விரலால் அளவு பார்த்துக்கொண்டே இருந்தார். தன் மணிக்கட்டைக் கட்டைவிரலாலும் நடுவிரலாலும் பிடித்துப் பார்ப்பார், விடுவார்.

ஜானகியைப் பிரசவத்துக்குக் கீழப்பழுவூருக்குக் கூட்டிப் போய்விட்டார்கள் என்று தெரிந்ததும், "தம்பி, சைக்கிளை எடு" என்றார். சேலை முந்தியில் ஊசி, நூல், கொஞ்சம் பாசி. அண்ணியைக் கேரியரில் வைத்துத் தா.பழூரிலிருந்து கீழப்பழுவூர்வரை மிதித்தேன். நடுவில் ஒரு தடவைகூட இறங்கவில்லை. இன்றைக்குப் பையன்கள் வண்டியில் போகவே அலுத்துக்கொள்கிறார்கள்.

நான் தெருவில் கூவினேன். ஜானகி கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். அண்ணியைப் பார்த்ததும் நின்றாள்.

"நீதான் ஆண்டாயியா?"

"ஆமாம்மா."

"புள்ள இல்லேன்னாங்களே."

"இல்லம்மா. இவன் வாய்க்கு வந்ததச் சொல்லிட்டான். எனக்குப் புள்ள இல்ல. கைய மட்டும் காட்டும்மா, நான் தொடல."

ஜானகி கையை நீட்டினாள். மணிக்கட்டு வீங்கி, பூவெல்லாம் சதைக்குள் புதைந்திருந்தது. ஓரமெல்லாம் சிவந்து கிடந்தது.

"அம்மாடி! வலிக்கலியா?"

"வலிக்குது. சொன்னா அறுத்துடுவாங்களோன்னு பயம். அறுத்தா என்ன ஆகுமோன்னு அதவிடப் பயம்."

"கட்டியிருக்கறது பயமில்லையா?"

ஜானகி ஒரு பூவை விரல் நுனியால் தொட்டாள். பிறகு, "அதுவும் பயந்தான். ஆனா தூக்கம் வரலேன்னா இந்தப் பூவையே பாத்துக்கிட்டு இருக்கேன். அப்படியே தூங்கிடறேன்" என்றாள். சொல்லிக்கொண்டே தண்ணீர்த் தொட்டியின் ஓரத்தில் உட்கார்ந்து கையை அண்ணி மடியில் வைத்துவிட்டாள். தொடல என்றவர் மடியில்.

அண்ணி விளக்கெண்ணெய் கேட்டு வாங்கினார். வளையலுக்கு அடியில் சொட்டுச் சொட்டாக விட்டுத் தடவினார். பிறகு பூங்காவனத்தம்மாள் போட்ட முடிச்சை ஊசி முனையால் நெம்ப ஆரம்பித்தார். அறுக்கவில்லை, ஒவ்வொரு முடிச்சாகக் கண்ணைத் திறக்கவைத்தார். ஊசி முனை ஒரு தடவைகூட அந்தப் பெண் தோலில் படவில்லை.

"உங்க மாமியாருக்கு உங்க மேல உசுரும்மா."

"எப்படிச் சொல்றே?"

"இத்தனை முடிச்சு வேற எதுக்குப் போடுவாங்க?"

ஜானகி சிரித்துவிட்டாள். கை ஆடியது. "ஆடாதடி கண்ணு" என்று அண்ணி வாய்தவறிச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். ஜானகி அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. நூலின் இரண்டு முனையையும் ஜானகியே விரலால் பிடித்துக்கொள்ள, அண்ணி புது நூலைச் சேர்த்து இரண்டு பூ கூடப் போட்டார். பழைய பாசிகளுக்குள்ளும் இன்னொரு இழையை ஓட்டினார். முடித்தபோது வளையலுக்குள் விரல் நுழைந்தது. கையிலிருந்து அது ஒரு நிமிசம்கூடக் கீழே இறங்கவில்லை.

"காசு பாக்கி இருக்கில்ல? நான் தரேன்" என்று ஜானகி எழுந்தாள். நான் முன்னால் ஒரு அடி வைத்தேன். அண்ணி என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"உங்ககிட்ட வேணாம்மா. கேட்டு வாங்கினவங்க குடுக்கட்டும். நீங்க நல்லபடியா பெத்துப் பொழைங்க, அது போதும்."

திரும்பி மிதித்தேன். விக்கிரமங்கலம் தாண்டினதும், "கை மெத்துமெத்துன்னு இருந்துச்சுடா" என்றார். அவ்வளவுதான்.

அந்த நாட்களில் அண்ணி கோப்பதை விட்டுவிட்டார். ஊசியை எடுப்பார், வைப்பார். என் பெட்டியில் பாசி வளையல் தீர்ந்துபோய் இடம் காலியாகக் கிடந்தது. நான் கீழப்பழுவூர் பக்கம் போய் வந்தால், சைக்கிளை நிறுத்தும் முன்பே வாசலில் வந்து நிற்பார். கேட்க மாட்டார். இன்னும் இல்லை என்று நான் தலையை ஆட்டினால் உள்ளே போய்விடுவார். ஒரு நாள் அந்தத் தெருவில் எனக்கே சர்க்கரை கொடுத்தார்கள். பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் சுகம். அன்றைக்கு வந்த வேகத்தில் சைக்கிள் செயின் கழன்றது. அதைக்கூட மாட்டாமல் வண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவுக்குள் ஓடினேன். அண்ணி கேட்டுவிட்டு, நின்ற இடத்திலேயே உட்கார்ந்து முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டார். அண்ணன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். நான் போய் உலை வைத்தேன்.

அண்ணிக்குப் பிறகும் பிள்ளை பிறக்கவில்லை. அப்படிப் பிறந்ததாக எழுதினால் கதை இனிப்பாக இருக்கும், ஆனால் நான் நடந்ததைத்தான் எழுதுகிறேன். அரியலூரில் நான் பெட்டிக்கடை போட்டது எண்பத்திரண்டில். கடையின் முதல் அலமாரி முழுக்க அண்ணி கோத்த பாசிதான். இப்போதும் கல்லாப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, சரக்கு சரியில்லை என்று என்னையே எல்லார் முன்னாலும் வைவார். நானும் வாயைத் திறக்காமல் வாங்கிக்கொள்வேன். நான் வாயைத் திறக்காத இடம் அது ஒன்றுதான்.

சரி, அந்தக் கடனுக்கு வருகிறேன்.

குழந்தை பிறந்த ஐந்தாம் மாதம் ஜானகி அதைத் தூக்கிக்கொண்டு விக்கிரமங்கலத்துக்கு வந்தாள். கையில் பாசி அப்படியே இருந்தது. பிள்ளைதான் பிறந்துவிட்டதே, அறுத்துப் போட்டுவிடலாம் என்று மாமியார் சொல்ல, "கோத்தவ வந்து அவுக்கட்டும்" என்று பிடிவாதமாக நின்றிருக்கிறாள். அதைச் சொல்ல ஆள் விட்டார்கள். ஆள் யார் என்கிறீர்கள்? கலியம்மாள்தான். வரப்பில் நின்றுகொண்டு, "ஏ ஆண்டாயி, உன்னைய வரச் சொல்றாங்க" என்றார், வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

"என்னையவா? எதுக்குங்க?"

"எதுக்கோ. நான் என்ன கண்டேன்?"

அண்ணி சேற்றுக்காலைக் கழுவிவிட்டு, இருந்ததில் நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு வந்தார். அந்த வீட்டுக் கொல்லைப் படிக்குக் கீழே உட்கார்ந்தோம். ஜானகி படியிறங்கி வந்து அண்ணிக்கு எதிரே தரையிலேயே உட்கார்ந்தாள். பூங்காவனத்தம்மாள் வாய் திறந்தார், மூடிக்கொண்டார்.

அண்ணி முடிச்சை நெம்பி அவிழ்த்தார். பாசி ஒன்றுகூட உதிரவில்லை. "இதையே சின்னதாக் கோத்து இவளுக்குப் போட்டு விடு" என்று ஜானகி குழந்தையை அண்ணி மடியில் வைத்தாள். நான் பூங்காவனத்தம்மாளைப் பார்த்தேன். பிள்ளையை வாங்கப் போவதுபோல அவர் கை முன்னால் வந்தது. பிறகு முந்தானையைச் சரிபண்ணிக்கொண்டது.

அண்ணி அந்தப் பஞ்சு மணிக்கட்டில் நூலைச் சுற்றி அளவு பார்த்தார். நாலு பூ போதுமாக இருந்தது. குழந்தை ஊசியைப் பிடிக்க வந்தது, அண்ணி நாக்கைத் தட்டிச் சத்தம் கொடுத்தார், அது வாயைப் பார்த்துக்கொண்டு கையை மறந்துவிட்டது. எங்கள் ஐந்து பேருக்கும் இப்படித்தான் முள் எடுத்திருப்பார். முடிச்சுப் போட்ட நேரத்தில் அது மடி நிறைய மூத்திரம் பெய்துவிட்டது.

முதலில் சிரித்தது பூங்காவனத்தம்மாள்தான். "நல்ல சேலையப் பாத்துப் பேஞ்சிருக்கு பாரு கழுதை!"

"பேயட்டுங்கம்மா, சேலை எதுக்கு இருக்கு?" என்றார் அண்ணி.

பூங்காவனத்தம்மாள் இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்தார். நோட்டும் சில்லறையுமாக எடுத்துப் படியின்மேல் வைத்தார். எங்களுக்குக் காசு கொடுக்கிற முறை அப்போது அதுதான். வைப்பார்கள், நாங்கள் எடுத்துக்கொள்வோம். என் கை பழக்கத்தில் நீண்டது. அண்ணி எடுக்கவில்லை. குழந்தையை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, மறுகையை விரித்து நீட்டினபடி இருந்தார். முறைப்பெல்லாம் இல்லை. பாசி வாங்க நீட்டுகிற மாதிரி சும்மா நீட்டிக்கொண்டு இருந்தார்.

ஜானகி மாமியாரைப் பார்த்தாள்.

பூங்காவனத்தம்மாள் காசைத் திரும்பவும் படியிலிருந்து எடுத்தார். ஒரு படி இறங்கினார். அண்ணி கையில் ஒரு பத்து ரூபாய்த் தாளை வைத்தார், அதன்மேல் இன்னொன்று. பிறகு ஐந்து. பிறகு ஒரு ரூபாய்க் காசுகளை ஒவ்வொன்றாக, வாய்விட்டு, "இருவத்தாறு, இருவத்தேழு, இருவத்தெட்டு, இருவத்தொம்பது" என்று எண்ணி வைத்தார். கடைசி ரூபாய்க்கு இரண்டு எட்டணா. இரண்டாவது எட்டணாவை வைத்தபோது அவர் விரல் அண்ணியின் உள்ளங்கையில் பட்டது.

"முப்பது. சரியா இருக்கா பாத்துக்க."

"சரியா இருக்குங்கம்மா" என்று சொல்லி, அண்ணி கையை மெதுவாக மூடினார்.